தேன்சிட்டுக்கு வைத்த குப்பி

கண்ணு,

நீ கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான். "சரி என்று மட்டும் எழுதுங்கள் அம்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உன் கடிதத்தை முடித்திருந்தாய். அந்த ஒரு வார்த்தையை எழுத முடியாமல் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நின்றுவிடுகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். எழுதும்போது அந்தக் கூச்சம் கொஞ்சம் விலகுகிறது. அதனால் இது நீளமாகத்தான் இருக்கும். ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காதே. ஞாயிற்றுக்கிழமை படி.

கல்யாணத்தன்று காலையில், பெண் வீட்டுக்குப் புறப்படும் முன்பு, மாப்பிள்ளை தன் தாயோடு ஒரே தட்டில் உண்டுவிட்டுக் கிளம்புவது நம் பக்கத்து வழக்கம். உறவுகள் எல்லாம் பந்தலில் சுற்றி நின்று பார்ப்பார்கள். உன்னைப் பெற்ற அக்கா நீ சிறுவனாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். நான் இரண்டாவதாக வந்தவள், பள்ளிக்கூட டீச்சர். ஆகவே அந்தத் தட்டில் தன் மனைவிதான் உட்கார வேண்டும், டீச்சர் உட்கார்ந்தால் பந்தலுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று பேளுக்குறிச்சியில் இருக்கும் உன் தாய்மாமா சொல்லிவிட்டார். "அப்படியானால் நீங்கள் வரவே வேண்டாம்" என்று நீ அவருக்கு எழுதிப் போட்டுவிட்டாய். நான் சரி என்றால் அந்த உறவு அதோடு முடிந்தது. அக்காவோடு பிறந்தவர் என்று உனக்கு இருப்பது அவர் ஒருவர்தான்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தட்டில் உன்னோடு உட்கார எனக்கு ஆசை. மிகவும் ஆசை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. யாராவது வந்து பார்த்துவிடுவார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். "எனக்கெதுக்குக் கண்ணு அதெல்லாம், உங்க அத்தையே உட்காரட்டும்" என்று நான் எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். நீ அதை நம்பியிருக்கவும் மாட்டாய்.

நான் செம்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தபோது மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். பெட்டியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர், "உள்ள என்னங்க கல்லா?" என்று கேட்டார். புத்தகங்கள் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு துணி என்றேன். "எந்தூர்ல இந்தக் கனத்துக்குச் சீல விக்கறாங்க?" என்றார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். பி.ஏ. படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட எங்கே போவது என்று வீட்டார் விழித்துக்கொண்டிருந்தபோதுதான், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த உன் அப்பாவைப் பற்றித் தெரியவந்தது. மனைவியை இழந்தவர், ஒரு பையன் இருக்கிறான் என்றார்கள். பையன் என் வகுப்பில்தான் படிக்கிறான் என்று நான் சொல்லவில்லை.

வகுப்பில் உன் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நிற்பாய். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் உனக்கு வாய் இருப்பதே தெரியாது. சோறு போட்டால் தலை குனிந்தபடி தின்பாய். போதுமா என்றால் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பாய், அதுதான் பதில். உன் அப்பா, "போகப் போகச் சரியாயிருவான்" என்பார். எனக்கும் பேச வராது, உனக்கும் பேச வராது. அந்த வீட்டில் சத்தம் போட்டது மழை மட்டும்தான்.

அந்த வருஷம் கோடை தொடங்கும்போது, முன்கூரையிலிருந்து தொங்கிய கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. நார், சருகு, சிலந்திவலை என்று எதை எதையோ கொண்டுவந்து ஒட்டி, குப்பையைச் சுருட்டித் தொங்கவிட்டது போல ஒரு கூடு. பெண் குருவி மட்டும்தான் கட்டும். ஆண், கருநீலமாக மினுமினுத்துக்கொண்டு கொடியில் உட்கார்ந்து பாடும். பக்கத்துக் காட்டில் சாமையும் மரவள்ளியும் போட்டிருந்த செல்லம்மா அதைப் பார்த்துவிட்டு, "பொம்பள ஊடு கட்டறா, ஆம்பள பாட்டுப் பாடறான். இவனுக்கு எந்த ஆபீஸ்ல உத்தியோகமோ" என்றாள். நீ அப்போது சிரித்தாய். நீ சிரித்ததை இந்த வீட்டில் நான் முதலில் பார்த்தது அன்றுதான். நான் பார்த்ததைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாய்.

ஊசிமருந்து வந்த குப்பி ஒன்றில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, கூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நீ தொங்கவிட்டாய். யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. குருவி வந்தது. அதற்கு முன்னால் தேனீ வந்துவிட்டது. வெல்லத்தின் வாசம் காடு முழுக்கப் போகும் போலிருக்கிறது. குப்பியின் வாயில் தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன. குருவி பக்கத்தில் வந்து இறக்கை படபடக்க நிற்கும், ஒரு தேனீ எழும்பினால் ஓடிவிடும். நீ வாசலில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அடிவாரத்திலிருந்து வரவழைத்த அஸ்காப் பொட்டலத்தை எடுத்து உன் பக்கத்தில் வைத்தேன். மலையில் அப்போது வெள்ளைச் சர்க்கரை என்றால் விருந்தாளிக்கு மட்டும்தான். வெல்லத்துக்குப் பதில் அதைக் கரைத்து ஊற்றினாய். வாசம் இல்லாததால் தேனீ குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. உன் அப்பா குப்பிக்கு ரப்பர் மூடி போட்டு, அதில் தடித்த ஊசியால் ஒரு துளை இட்டுக் கொடுத்தார். தேனீயால் உள்ளே நுழைய முடியவில்லை. ஆனால் குப்பி நிறைய ஊற்றியிருந்ததால் துளையில் சர்க்கரைத் தண்ணீர் கசிந்து நின்றது. அதை நக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தன.

அப்புறம் நான் ஒரு யோசனை செய்தேன். படித்தவள் அல்லவா. தேனீக்கென்று தனியாக ஒரு தட்டில் இன்னும் இனிப்பாகக் கரைத்து, வேலியோரம் கொண்டுபோய் வைத்தேன். அவை அங்கே போய்விடும், குருவிக்கு இடம் கிடைக்கும் என்று கணக்கு. முதல் நாள் நன்றாகத்தான் நடந்தது. அடுத்த நாள் தட்டே கறுத்துத் தெரிந்தது. தட்டு நிறைந்ததும் மிச்சம் இருந்தவை குப்பிக்கு வந்தன. செல்லம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன் டீச்சரு, ஒருத்தனுக்கு எல போட்டா பங்காளிய எல்லாம் கூட்டிக்கிட்டு வருவானா மாட்டானா? இத எந்தப் பொஸ்தகத்துல படிச்சீங்க?" என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டேன்.

அடுத்து நடந்ததை நீ மறந்திருப்பாய். ஒரு தேனீ உன் கண் இமையில் கொட்டிவிட்டது. கண் மூடி வீங்கிப்போய், ஆஸ்பத்திரியிலிருந்து மருந்து போட்டு வந்தவன், எனக்குத் தெரியாமல் தேங்காய் நாரும் பச்சைத் தழையும் போட்டுக் குப்பிக்குக் கீழே புகை மூட்டினாய். நான் வந்தபோது முன்கூரையே தெரியவில்லை. தேனீ ஒன்றுகூட இல்லை. நீ ஒற்றைக் கண்ணால் நிமிர்ந்து பார்த்து நின்றாய். ஜெயித்துவிட்ட முகம். புகை அடங்கிய பிறகு கூட்டைப் பார்த்தோம். குருவியும் இல்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி உள்ளே விரலை விட்டுப் பார்த்தாய். இறங்கி வந்து, "முட்ட சில்லுனு இருக்குதுங்க டீச்சரம்மா" என்றாய். வீட்டுக்குள் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அந்த வார்த்தைக்காக எத்தனையோ நாள் காத்திருந்தவள் நான். அது இப்படியா வர வேண்டும் என்று இருந்தது. "சில்லுனு இருந்தா என்னுங்க ஆகும்?" என்று கேட்டாய். உன் தலையில் கை வைத்தேன். நீ தட்டிவிடவில்லை.

மழைக்காலம் முடிந்து அதே கம்பியில் மறுபடி ஒரு தேன்சிட்டு வந்தது. அதே குருவியா என்று தெரியாது, அதேதான் என்று நீ சாதித்தாய். மறுபடி குப்பி, மறுபடி தேனீ. இந்தத் தடவை நீ புகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. நானும் தட்டு வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், விடைத்தாள் திருத்துவதில் குப்பியை நிரப்ப மறந்துவிட்டேன். பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. ஜன்னலில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டே பார்த்தேன். ஒரு தேனீ வந்து மூடியைச் சுற்றி நடந்தது, துளைக்குள் தலையை விட முயன்றது, எட்டவில்லை, போய்விட்டது. இன்னொன்றும் அப்படியே. சற்று நேரத்தில் குருவி வந்து அந்த வளைந்த நீள மூக்கை உள்ளே விட்டு, நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது. குப்பி நிறைய ஊற்றியதுதான் எங்கள் தப்பு. ஆழத்தில் இருந்தால் தேனீயின் நாக்குக்கு எட்டாது, சிட்டின் மூக்குக்கு எட்டும். உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாய். அந்த முறை குஞ்சு பொரித்துப் பறந்தது.

அதன் பிறகு நீ என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவதில் முன்பாதி எப்போதோ உதிர்ந்துவிட்டது. எந்த நாள் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் உட்கார்ந்து உலகத்தையே கவனிக்கிறவள் என்று உன் அப்பா என்னைக் கேலி செய்வார். அதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

உன் மாமாவைத் தேனீ என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. தேனீ கெட்டதும் இல்லை. நாம் வைத்த இனிப்புக்கு அது வருகிறது, அவ்வளவுதான். அவர் அக்கா போன பிறகு, அவர் அக்காவில் மிச்சம் என்று இந்த உலகத்தில் இருப்பது நீ. அந்தத் தட்டுக்கு அவர் சண்டை போடுகிறார் என்றால் என்னை வெறுத்து இல்லை. இதை நான் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்கும் கோபம்தான் வந்தது. உன் கோபத்தைப் படித்த பிறகு என் கோபம் போய்விட்டது. நீ மூட்டுகிற புகையில் அவர் போய்விடுவார், சந்தேகம் இல்லை. அவரோடு இன்னும் என்னென்ன போகும் என்று அப்போதுதான் தெரியும். அதற்காக நான் ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் அவர் பக்கம் தள்ளிவிட்டாலும் சரிவராது. இன்றைக்குத் தட்டு, நாளைக்கு வளைகாப்பு, அப்புறம் குழந்தைக்குப் பெயர் வைப்பது. ஒவ்வொன்றிலும் நான் விலக, நீ மனசுக்குள் கறுவிக்கொண்டே இருப்பாய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாளைக்கு உன் வீட்டுக்கு ஒரு பெண் வரப்போகிறாள். அவள் மேல் உனக்குள்ள பிரியத்தை விளிம்புவரை ஊற்றி ஊர் பார்க்கத் தொங்கவிடாதே. எங்களுக்கு முன்னால் அவளைத் தூக்கிப் பேசி, அவளுக்கு முன்னால் எங்களைத் தூக்கிப் பேசி, யாருக்கும் நிம்மதி இல்லாமல் செய்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு மட்டும் எட்டுகிற ஆழத்தில் கொஞ்சம் வைத்திரு. அவள் பேசாமல் இருக்கும் நாட்களில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கவனி. பேசாதவர்கள் எதையாவது பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

சரி, நான் பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இதுதான்: போன சந்தை நாளன்று நான் பேளுக்குறிச்சிக்குப் போனேன். உன் அப்பாவிடம் கல்யாணத்துக்கு மிளகாயும் மல்லியும் வாங்கி வருகிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கறதப் பாத்து வாங்கு" என்றார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

சந்தையில் உன் மாமா போட்டிருக்கும் மளிகைச் சாமான் கடையில் நல்ல கூட்டம். சாக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார். நான் ஓரமாக நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட இருந்தது. அவர்தான் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, சீரகம் வாங்கவா மலையெறங்கி வந்தீங்க?"

"இல்லீங்க. கல்யாணச் சமாச்சாரம் பேசலாம்னு."

"பேசறதுக்கு என்ன இருக்குது? பையன்தான் எழுதிப் போட்டுட்டானே, வர வேண்டாம்னு." பக்கத்தில் நின்ற அம்மாளிடம் திரும்பி, "கடுகு அரைப்படி போதுமாக்கா? கல்யாண ஊடுன்னு சொன்னீங்க?" என்றார். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "நல்ல எழுத்து. மணிமணியா எழுதியிருக்கறான். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "எழுத்து நாஞ் சொல்லிக் குடுத்ததுங்க. கோவம் உங்க ஊட்டுச் சொத்து" என்றேன்.

கடுகு வாங்க வந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அது நெசந்தானப்பா, உங்கப்பனும் இப்படித்தான்" என்றார். உன் மாமா சிரிப்பை அடக்கப் பார்த்து, படியில் இருந்த கடுகைக் கொஞ்சம் சிந்திவிட்டார். அந்த அம்மாள் போனதும் சாக்கின் ஓரத்தைத் தட்டிக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"அது பெத்தவகூட உக்காந்து திங்கற சோறுங்க. பெத்தவ இல்லைன்னா அவ பொறந்த ஊட்டுப் பொம்பள. நாஞ் சொல்றது தப்புங்களா?"

"தப்பில்லீங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "பின்ன?"

"சபையில வேண்டாங்க. விடியறதுக்கு முன்னாடி எங்கூட்டு அடுப்படியில வெச்சுக்கலாம். நானும் அவனும் மட்டும். உங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, என்னயும் யாரும் பாக்க மாட்டாங்க. சபையில தாய்மாமன் செய்யற சீரெல்லாம் நீங்கதான் செய்யோணும்."

"சபையில கேப்பாங்களே, தாயோட உண்டானான்னு?"

"உண்டுட்டான்னு சொல்லுங்க. பொய் இல்லீங்களே."

அவர் ஒரு தாளைச் சுருட்டி, பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே இருந்தார். வேண்டியதற்கு மேலேயும் சுற்றினார். நான் எழுந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"அவனுக்கு அரிசிம்பருப்புச் சோறுன்னா உசுரு" என்றார். "எங்கக்கா ஆக்குவா. சின்ன வெங்காயம் அப்படியே முழுசாப் போட்டு, அடியில லேசாத் தீஞ்சு வரும்படியா. அந்தத் தீஞ்சதுக்குத்தான் நானும் அவனும் அடிச்சுக்குவோம்."

உனக்கு அது ஆகாது என்றல்லவா நான் நினைத்திருந்தேன். நான் ஆக்கிய நாளெல்லாம் நீ அதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவாய். இத்தனை வருஷமும் எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. அடி பிடிக்காமல் பதமாக இறக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எங்கூட்டுக்காரிக்கும் அந்தப் பக்குவம் வராது. அக்கா ஆக்கறப்ப அடுப்புக்கிட்டக் குந்தியிருந்து பாத்தவன் நாந்தான். மொத நாள் ராத்திரியே மேல வந்தர்றேன். நானே ஆக்கறேன். மொதக் கவளம் அதா இருக்கட்டும். அப்பறம் உங்க சோத்தப் போடுங்க, ஒண்ணாத் தின்னுங்க. நான் வெளிய நிக்கறேன், சாமி, உள்ள வர மாட்டேன்."

சாமி என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. உடனே அடுத்த ஆளுக்கு மிளகு அளக்கத் திரும்பிவிட்டார்.

ஆகவே, நீ கேட்ட சரி என்ற வார்த்தையை நான் எழுதவில்லை. இந்த வாரம் லீவு போட்டுப் பேளுக்குறிச்சிக்குப் போ. மன்னிப்பு, கின்னிப்பு என்று நீட்டிப் பேசாதே, அவருக்கும் தாங்காது, உனக்கும் வராது. "மாமா, அன்னைக்கு வந்து ஆக்கிப் போடுங்க" என்று மட்டும் சொல். எழுதிப் போட்டதை வாயால்தான் அழிக்க முடியும்.

அன்றைக்கு அடுப்படியில் மூன்று கல்லையும் கூட்டி நான் தீ மூட்டிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வேன். உன் மாமா ஆக்கட்டும். அடி தீயட்டும். ஆறுவதற்குள் நீ குளித்துவிட்டு வா. தட்டில் கை வைக்கும்போது, எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடு, கண்ணு. இத்தனை காலம் நீ என்னை நிமிர்ந்து பார்த்துச் சாப்பிட மாட்டாயா என்று இருந்தேன். அன்றைக்கு மட்டும் பார்த்துவிடாதே. பார்த்தால் என்னால் விழுங்க முடியாது, தாய் உண்ணவில்லை என்று ஆகிவிடும்.

உன் அம்மா